கூறுகளால் ஆன மென்பொருள்: சில அடிப்படைகள்

கணினியியல் படிக்கும் இளைய மாணவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "அண்ணா, எல்லாவற்றுக்கும் ஆயத்த நிரல் கிடைக்கிறதே, பிறகு எதற்கு இத்தனை கோட்பாடு?" நியாயமான கேள்விதான். இன்று எழுதப்படும் மென்பொருள்களில் பெரும்பகுதி பிறர் எழுதி வைத்த கூறுகளை இணைத்தே உருவாகிறது. ஆனால் 'இணைப்பது' என்றால் என்ன? எதை எதனோடு இணைக்கலாம்? இணைத்தபின் பழுது வந்தால் அது யாருடைய பழுது? இவற்றுக்கு விடை தெரியாமல் இணைப்பவர்தான் நள்ளிரவில் அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பார். கணினி படிக்காத நண்பர்களும் பின்தொடரும் வகையில் இக்கட்டுரையை எழுத முயன்றிருக்கிறேன். ஒரு வரி நிரல்கூட இதில் இல்லை.

முதலில் பெயரைப் பார்ப்போம். ஆங்கிலத்தில் 'காம்போனென்ட்' என்பதைத் தமிழில் 'கூறு' என்கிறோம். கூறு என்றால் பகுதி. கூறு என்றால் சொல் என்றும் பொருள். இந்த இரட்டைப் பொருள் தற்செயலானதுதான். ஆனாலும் எனக்குப் பிடித்திருக்கிறது. ஏனெனில் மென்பொருள் கூறு என்பது வெறும் துண்டு அன்று. தான் என்ன செய்வேன், அதற்குத் தனக்கு என்ன வேண்டும் என்பதைக் கூறும் துண்டு. கூறாத துண்டை எடுத்து ஒட்டுவது இணைப்பு ஆகாது, ஒட்டு வேலைதான்.

ஜூரோங்கிலேயே ஓர் எடுத்துக்காட்டு

நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் நார்த் ஹில் விடுதிகளில் தங்கியவர்களுக்குத் தெரிந்திருக்கும். 2016இல் கட்டி முடிக்கப்பட்ட அந்த 13 மாடிக் கட்டடங்களின் அறைகள் அங்கேயே கல் வைத்துக் கட்டப்பட்டவை அல்ல. எஃகுச் சட்டத்தால் ஆன பெட்டிகளாக வேறிடத்தில் செய்யப்பட்டு, உள்வேலைகளின் பெரும்பகுதியும் முடிந்த நிலையில் லாரியில் வந்து, பாரந்தூக்கியால் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டவை. சிங்கப்பூரில் பொதுத்துறை உயரமான கட்டடங்களில் இம்முறை முதலில் கையாளப்பட்டது இங்கேதான்.

இந்தப் பெட்டி ஏன் நல்ல எடுத்துக்காட்டு? பெட்டியைச் செய்தவரும் அடுக்கியவரும் ஒரே ஆளாக இருக்க வேண்டியதில்லை. அடுக்குபவர் சுவரை உடைத்துக் குழாய் எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்க வேண்டியதும் இல்லை. தண்ணீர்க் குழாய், மின்கம்பி, கழிவுக் குழாய் ஆகியவை பெட்டியின் எந்த இடத்தில் எந்த அளவில் வெளியே வரும் என்பது முன்பே எழுதி வைக்கப்பட்டிருக்கும். அந்த எழுத்துதான் இடைமுகம். உள்ளே இருப்பது செய்தவரின் விவகாரம். வெளியே தெரிவது இருவருக்கும் பொதுவான ஒப்பந்தம்.

அளவு பொருந்தினால் போதுமா என்றால், போதாது. பூன் லேயில் ரயில் ஏறி, ஊட்ரம் பார்க்கில் மாறி, லிட்டில் இந்தியா செல்லும் நண்பர்கள் தாங்கள் மாறும் இரண்டு தடங்களையும் கவனித்திருக்கலாம். கிழக்கு மேற்குத் தடத்திலும் வடகிழக்குத் தடத்திலும் தண்டவாள இடைவெளி ஒன்றே: 1,435 மில்லிமீட்டர். சக்கரம் இரண்டிலும் கச்சிதமாக உட்காரும். ஆனால் முதலாவது, தண்டவாளத்தின் ஓரமாக ஓடும் மூன்றாம் தண்டிலிருந்து 750 வோல்ட் நேர்மின்சாரம் பெறுகிறது. 2003இல் திறக்கப்பட்ட இரண்டாவது, தலைக்கு மேலுள்ள கம்பியிலிருந்து 1,500 வோல்ட் பெறுகிறது. ஒன்றின் ரயிலை மற்றதில் கொண்டுபோய் வைத்தால் அழகாக நிற்கும்; ஓடாது. மென்பொருளிலும் இதே கதைதான். உருவம் பொருந்துவது ஒன்று, பொருள் பொருந்துவது வேறொன்று. உருவப் பொருத்தத்தை மொழிமாற்றியே சோதித்துச் சொல்லிவிடும். பொருள் பொருத்தத்தை மனிதர்தான் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

1968இல் எழுந்த கனவு

இந்தச் சிந்தனையின் தொடக்கமாக வழக்கமாகச் சுட்டப்படுவது 1968 அக்டோபரில் ஜெர்மனியின் கார்மிஷ் நகரில் நேட்டோ ஆதரவில் நடந்த மென்பொருள் பொறியியல் மாநாடு. அங்கே பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த டக் மெக்கில்ராய், மென்பொருள் கூறுகளைத் தொழிற்சாலைப் பொருள்போல் பெருமளவில் உற்பத்தி செய்ய வேண்டும் என்று வாதிட்டார். மின்னணுப் பொறியாளர் ஒரு மின்தடையைத் தானே செய்துகொள்வதில்லை. விலைப்பட்டியலைப் புரட்டி, தமக்கு வேண்டிய அளவும் துல்லியமும் உள்ளதைத் தேர்ந்தெடுக்கிறார். நிரலர் மட்டும் ஏன் ஒவ்வொரு முறையும் எல்லாவற்றையும் புதிதாக எழுத வேண்டும்? அவர் எடுத்துக்கொண்ட எடுத்துக்காட்டு மிக எளியது: கணிதத்தில் வரும் சைன் மதிப்பைக் கணக்கிடும் நிரல். ஒருவருக்கு வேகம் வேண்டும், இன்னொருவருக்குத் துல்லியம், மற்றொருவருக்கு நினைவகச் சிக்கனம். ஒரே சைன் எல்லோருக்கும் போதாது. ஒரு குடும்பமே வேண்டும் என்றார்.

அவர் எதிர்பார்த்த விலைப்பட்டியல் வணிகம் பெரிதாக எழவில்லை. ஆனால் அவருடைய மற்றொரு யோசனை வென்றது. ஒரு நிரலின் வெளியீட்டை அடுத்த நிரலின் உள்ளீடாகத் தோட்டக் குழாய்போல் இணைக்கலாம் என்று 1964லேயே அவர் எழுதியிருந்தார். 1973இல் கென் தாம்சன் அதை யுனிக்ஸில் செய்து காட்டினார். யுனிக்ஸ் குழாய்கள் வென்றதற்குக் காரணம் இடைமுகத்தின் எளிமை என்பது என் கருத்து. எல்லாக் கருவிகளும் ஒரே ஒரு பொருளையே வாங்கின, ஒரே ஒரு பொருளையே தந்தன: வரிவரியான எழுத்து.

இடையில் 1972இல் டேவிட் பார்னஸ் ஒரு முக்கியமான கட்டுரை எழுதினார். ஒரு மென்பொருளை எந்த இடத்தில் வெட்டிப் பிரிப்பது என்பதே அவருடைய கேள்வி. வேலை நடக்கும் வரிசைப்படி (முதலில் படி, பிறகு வரிசைப்படுத்து, பிறகு அச்சிடு என்று) பிரிப்பதுதான் எல்லோருக்கும் இயல்பாகத் தோன்றும். அப்படிப் பிரிக்காதீர்கள் என்றார் பார்னஸ். பின்னாளில் மாறக்கூடிய முடிவு எது என்று பாருங்கள். அந்த முடிவை ஒரு கூறுக்குள் அடைத்து மறைத்துவிடுங்கள். அது மாறும்போது அந்த ஒரு கூறு மட்டும் மாறும். இதைத் 'தகவல் மறைப்பு' என்கிறோம். தேர்வுக்காக இதை மனப்பாடம் செய்பவர்கள் 'மறைப்பு' என்ற சொல்லை நினைவில் வைத்துக்கொண்டு 'மாறக்கூடிய முடிவு' என்பதை விட்டுவிடுகிறார்கள். உண்மையில் பின்னதுதான் சாரம்.

1990களில் கார்பா, மைக்ரோசாப்டின் காம், ஜாவா பீன்ஸ் என்று பல கூறுமுறைகள் போட்டியிட்டன. அவற்றின் விவரங்களை இங்கே விட்டுவிடுகிறேன். அந்தப் பரபரப்பில் நிலைத்து நின்றது ஒரு வரையறை. கிளெமென்ஸ் சிபெர்ஸ்கி 1998இல் வெளியிட்ட நூலால் பரவலாக அறியப்பட்ட அதன் கருத்தை என் சொற்களில் தருகிறேன். கூறு என்பது பிறவற்றோடு சேர்க்கப்படுவதற்கென்றே செய்யப்பட்டது. அதன் இடைமுகம் ஒப்பந்தமாக எழுதப்பட்டிருக்கும். தான் இயங்கச் சூழலிடம் எதை எதிர்பார்க்கிறது என்பதையும் வெளிப்படையாகச் சொல்லியிருக்கும். அதைத் தனியாக நிறுவலாம். அதைச் செய்தவரை அறியாத மூன்றாம் மனிதர் அதை வேறொன்றோடு இணைக்கலாம்.

அந்த மூன்றாம் மனிதரைக் கவனியுங்கள். கூறைச் செய்தவரும் நீங்களும் பக்கத்துப் பக்கத்து மேசையில் இருந்தால் ஒப்பந்தமே தேவையில்லை, எட்டிக் கேட்டுக்கொள்ளலாம். கூறுமுறையின் முழுச் சிக்கலும் 'கேட்க முடியாத தூரம்' என்பதிலிருந்து பிறக்கிறது.

பகுபதம் காட்டும் பாதை

தமிழ் மாணவர்களுக்கு இது புதிதே அன்று. நன்னூல் பகுபத உறுப்புகள் ஆறு என்கிறது: பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம். 'வந்தனன்' என்ற சொல்லைப் பிரிப்போம். வா என்பது பகுதி. அது 'வ' எனக் குறுகியது விகாரம். அடுத்து வரும் த் சந்தி. அது ந் ஆனதும் விகாரம். அதன்பின் உள்ள த் இறந்தகாலம் காட்டும் இடைநிலை. அன் சாரியை. இறுதி அன் ஆண்பால் விகுதி.

பகுதியும் இடைநிலையும் விகுதியும் பொருள் தரும் கூறுகள். ஆனால் சந்தியும் சாரியையும்? அவை தமக்கென்று பொருள் இல்லாமல், இரண்டு கூறுகள் உரசாமல் சேர்வதற்காக நடுவில் வருபவை. மென்பொருளிலும் இப்படிப்பட்ட இடைநிரல் உண்டு. அதைப் 'பசை நிரல்' என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். ஒரு கூறு தேதியை நாள், மாதம், ஆண்டு என்று தரும். மற்றது ஆண்டு, மாதம், நாள் என்று கேட்கும். நடுவில் நாம் எழுதும் நான்கு வரிதான் சாரியை. புதிதாக வேலைக்கு வருபவர்கள் இதைத் தாழ்ந்த வேலை என்று எண்ணுகிறார்கள். என் அனுபவத்தில் திட்டத்தின் பாதி நேரம் இதிலேயே போகும். ஒப்புமையை இதற்குமேல் இழுக்கக் கூடாது. தமிழில் புணர்ச்சி விதிகள் எல்லோருக்கும் பொது. மென்பொருளில் ஒவ்வொரு இணைப்புக்கும் நாமே விதி எழுதிக்கொள்கிறோம்.

எழுத்துருவும் ஒப்பந்தமும்

இனி, நம்மவர் அனைவரும் அனுபவித்த ஒரு கூறுச் சிக்கலைச் சற்று விரிவாகப் பார்ப்போம். எங்கள் காலத்துக் கல்லூரி மலர் ஒன்றின் கோப்பை அண்மையில் திறந்தேன். திரை முழுவதும் ரோமன் எழுத்தும் பிரெஞ்சு உச்சரிப்புக் குறிகளும். ஒரு தமிழ் எழுத்துகூட இல்லை. கோப்பு கெடவில்லை. அதைத் தட்டச்சு செய்த எழுத்துரு என் கணினியில் இல்லை, அவ்வளவுதான்.

நடந்தது இதுதான். 1990களில் பெரும்பாலான தமிழ் எழுத்துருக்கள் எட்டு பிட் முறையில் அமைந்தவை. கணினி அறிந்த இடங்கள் மொத்தம் 256. அந்த இடங்களில் ரோமன் எழுத்தின் படத்துக்குப் பதிலாகத் தமிழ் எழுத்தின் படத்தை வைத்தார்கள். எந்த இடத்தில் எந்தப் படம் என்பதை ஒவ்வொரு எழுத்துருவாளரும் தாமே முடிவு செய்தார். பார்னஸின் மொழியில் சொன்னால், மறைந்திருக்க வேண்டிய முடிவு ஒவ்வொரு கோப்பிலும் கசிந்திருந்தது. எழுத்துருவை மாற்றினால் உரையே மாறியது. உரை ஒரு கூறு, எழுத்துரு ஒரு கூறு என்று தோன்றினாலும், இரண்டுக்கும் நடுவில் பொது ஒப்பந்தம் இல்லாததால் இரண்டும் ஒரே கட்டி.

இதைத் தீர்க்க முனைந்தவர்களில் சிங்கப்பூருக்குத் தனி இடம் உண்டு. தேசியக் கல்விக் கழக விரிவுரையாளரும் எழுத்தாளருமான நா. கோவிந்தசாமி 'கணியன்' என்ற தமிழ் மென்பொருளை உருவாக்கினார். 1995இல் சிங்கப்பூர்க் கவிதைகள் நான்கு மொழிகளிலும் இணையத்தில் ஏற்றப்பட்டபோது தமிழ்ப் பகுதி அவருடைய உழைப்பால் ஏறியது. 1997 மே மாதம் தமிழ் இணைய மாநாடு இங்கே கூடியது. எல்லோருக்கும் பொதுவான குறியேற்றம் வேண்டும் என்பது அன்றைய பெரும் பேச்சு. அவர் 1999இல் காலமானார். அவர் பணியாற்றிய கல்விக் கழகம் அடுத்த ஆண்டு நம் ஜூரோங் வளாகத்துக்கு இடம் மாறியது.

1999 பிப்ரவரியில் சென்னை மாநாட்டையொட்டித் தமிழக அரசு டாம், டாப் என்ற தரங்களை அறிவித்தது. தன்னார்வலர்கள் வகுத்த டிஸ்கி என்பதும் வழக்கில் இருந்தது. ஒப்பந்தம் இல்லாத நிலை போய், பல ஒப்பந்தங்கள் இருக்கும் நிலை வந்தது. இதுவும் கூறுமுறையில் நன்கு தெரிந்த நோய்தான். 2010இல் தமிழக அரசு ஒருங்குறியையும், அது பொருந்தாத இடங்களுக்கு டேஸ்16 என்பதையும் ஏற்றது.

ஒருங்குறி என்ன செய்தது? வேலையை மூன்றாகப் பிரித்தது. உரையில் எழுத்தின் அடையாளம் மட்டும் இருக்கும். எழுத்துருவில் படம் இருக்கும். இரண்டுக்கும் நடுவே வடிவமைப்பு இயந்திரம் என்ற மூன்றாவது கூறு நின்று, எந்தப் படம் எந்த வரிசையில் வர வேண்டும் என்று முடிவு செய்யும். 'கொ' என்பதைப் பாருங்கள். கண்ணுக்குத் தெரிவது கொம்பு, ககரம், கால் என்று மூன்று. ஒருங்குறி உரையில் இருப்பது ககரமும் ஒகரக் குறியும், ஆக இரண்டே. கொம்பை முன்னால் கொண்டு வைப்பது இயந்திரத்தின் பொறுப்பு. விண்டோஸ் 2000இல் அந்த இயந்திரமும் லதா எழுத்துருவும் சேர்ந்தே வந்தன. அதன்பின் எழுத்துருவை எவர் செய்தாலும், விசைப்பலகையை எவர் செய்தாலும், உரை அதே உரை. மூன்றாம் மனிதர் இணைக்கலாம் என்ற நிபந்தனை தமிழுக்கு அன்றுதான் நிறைவேறத் தொடங்கியது.

ஆனால் ஒப்பந்தத்திலும் ஓட்டை உண்டு. ஒகரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம். எகரக் குறி, கால் என்று இரண்டாகவும் எழுதலாம். திரையில் வேறுபாடு தெரியாது. இரண்டும் சமம் என்று ஒருங்குறி விதி சொல்கிறது. அந்த விதியைப் பின்பற்றாத தேடல் கூறு ஒன்றைக் கண்டுபிடிக்கும், மற்றதைத் தவறவிடும். 'ஔவை' இன்னும் மோசம். ஔகாரத்துக்குப் பதிலாக ஒகரமும் ளகரமும் தட்டியவர் எத்தனையோ பேர். இவை இரண்டும் சமம் என்று எந்த விதியும் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. ஒளவையைத் தேடினால் ஔவை கிடைக்க மாட்டார்.

சொல்லாமல் விட்ட சூழல்

ஒப்பந்தத்தில் இடைமுகத்தை மட்டும் எழுதி, சூழலை எழுதாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு உலகறிந்த சான்று ஏரியன் 5. 1996 ஜூன் 4 அன்று அதன் முதல் பயணம், சுமார் 40 விநாடிகளில் வானில் சிதறியது. நான்கு கிளஸ்டர் ஆய்வுக் கோள்கள் அதோடு போயின.

காரணம், ஏரியன் 4இலிருந்து எடுத்துப் பயன்படுத்திய திசையறி கருவியின் மென்பொருள். அதில் ஒரு மதிப்பு 64 பிட் பதின்ம எண்ணிலிருந்து 16 பிட் முழு எண்ணாக மாற்றப்பட்டது. 16 பிட்டில் 32,767க்கு மேல் அடங்காது. ஏரியன் 4இன் பாதையில் அந்த மதிப்பு அவ்வளவு உயரம் போகவே போகாது. அதனால் அங்கே காப்பு வைக்கவில்லை. ஏரியன் 5 கிடைத்திசையில் மிக விரைவாக வேகம் பிடித்தது. எண் நிரம்பி வழிந்தது. மாற்றுக்கருவியும் அதே மென்பொருளை ஓட்டியதால் அதுவும் அதே காரணத்தால் நின்றது. வேதனை என்னவென்றால், பழுதான அந்தப் பகுதி ஏரியன் 5 புறப்பட்டபின் தேவையே இல்லை. பழைய ராக்கெட்டின் வழக்கப்படி ஓடிக்கொண்டிருந்தது.

அந்தக் கூறு தவறானதா? ஏரியன் 4இல் அது சரியாகவே வேலை செய்தது. "கிடைவேகம் இந்த எல்லைக்குள் இருக்கும்" என்ற நிபந்தனை அதை எழுதியவர்களுக்குத் தெரிந்திருந்தது. கூறோடு சேர்ந்து பயணிக்கவில்லை. பெர்ட்ரண்ட் மேயர், ஜான் மார்க் ஜெசெக்கெல் இருவரும் 1997இல் எழுதிய கட்டுரை இதையே சுட்டியது: ஒப்பந்தம் இல்லாத மறுபயன்பாடு ஆபத்து. அதை மறுத்தவர்களும் உண்டு. ஒப்பந்தம் எழுதியிருந்தாலும் சோதிக்காமல் விட்டிருப்பார்கள் என்றார்கள். நான் இரண்டாம் தரப்பின் ஐயத்தை மதிக்கிறேன். ஆனாலும் எழுதப்படாத நிபந்தனையைச் சோதிக்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்?

இக்காலத்துக் கதைகள் இரண்டைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2016 மார்ச்சில் 'லெஃப்ட் பேட்' என்ற 11 வரிக் கூறை அதன் ஆசிரியர் பொதுக் களஞ்சியத்திலிருந்து நீக்கினார். அதன் பெயரையே கேள்விப்படாத பலருடைய மென்பொருள்கள் அன்று உருவாக மறுத்தன; அவர்கள் பயன்படுத்திய கூறு பயன்படுத்திய கூறு அதைப் பயன்படுத்தியிருந்தது. 2021 டிசம்பரில் 'லாக்4ஜே' என்ற நிகழ்வுப் பதிவுக் கூறில் பெரிய ஓட்டை வெளிப்பட்டது. குறிப்பெழுதும் கூறு என்றுதான் எல்லோரும் அதை எடுத்தார்கள். எழுதக் கொடுத்த வரியில் ஒரு முகவரி இருந்தால் அங்கே போய்த் தேடும் திறனும் அதற்குள் இருந்தது. முதல் கதையில் கூறு இல்லாமல் போனது; இரண்டாவதில் கூறு கேட்டதற்குமேல் செய்தது.

லெஃப்ட் பேட் செய்த வேலை, ஒரு சொல்லின் இடப்பக்கம் வெற்றிடம் சேர்த்து அதைக் குறிப்பிட்ட நீளத்துக்குக் கொண்டுவருவது. நீளம் என்றால் எது? அதற்குத் 'தமிழ்' என்ற சொல்லைக் கொடுத்தால் நீளம் 5 என்று எண்ணும்: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. நமக்கு எழுத்து மூன்றுதான். 11 வரிக்குள்ளும் சொல்லாமல் விட்ட சூழல் ஒன்று இருந்தது.

ஆகவே, தொடக்கத்தில் கேட்ட தம்பி தங்கைகளுக்கு ஒரு சிறு பயிற்சி தருகிறேன். 'சிங்கப்பூர்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் பயன்படுத்தும் மொழியில் அதன் நீளத்தைக் கேளுங்கள். யூடிஎஃப்8 உரையைச் சி மொழியின் நூலகத்திடம் கொடுத்தால் 33 என்று சொல்லும். அது பைட்டுகளை எண்ணுகிறது. ஜாவாவும் பைத்தான் 3உம் 11 என்று சொல்லும். அவை குறிகளை எண்ணுகின்றன. ஸ்விஃப்ட் 6 என்று சொல்லும். நம் இலக்கண ஆசிரியரும் அதையே சொல்வார். நான்கும் சரி. பிறகு, அந்தந்த நூலகத்தின் ஆவணத்தைத் திறந்து, தான் எதை எண்ணுகிறது என்று அது எந்த வரியில் கூறியிருக்கிறது எனத் தேடிப் பாருங்கள். உங்கள் இறுதியாண்டுத் திட்டத்தில் பெயர்ப் பெட்டிக்கு 20 என்று எல்லை வைத்திருந்தால், அது எந்த 20 என்பதையும் அப்போதே எழுதி வையுங்கள்.